மயங்கிக் கிடந்த சாப்பாட்டு நேரம்

மாமாவுக்கு, ஆந்திராவிலிருந்து மலர்க்கொடியின் வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? போனை ஹாஸ்டல் வார்டன் வாங்கி வைத்திருப்பதால் எழுதுகிறேன்.

நேற்று கம்பெனியில் இறால் உரிக்கும்போது சின்ன மயக்கம், பயப்படாதீர்கள். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டிருந்தேன். இறால் ஏற்றிய லாரி கிளம்பும்வரை சூப்பர்வைசர் சாப்பிட விடவில்லை. சிதம்பரத்து சுவாதிதான் வாயில் சர்க்கரையைப் போட்டு எழுப்பினாள். எழுந்ததும் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

“இவ்ளோ நேரம் படுத்திருந்தியே, அதான் உன் சாப்பாட்டு நேரம். போய் வேலையப் பாரு” என்றார் சூப்பர்வைசர்.

“ஊருக்குப் போயிடுக்கா, இங்கயே இருந்தா செத்துடுவ” என்று சுவாதி அழுதாள்.

மஞ்சக்குப்பம் டாக்டரிடம், நான் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று ஒரு சீட்டு வாங்கி அனுப்புங்கள். கொஞ்சம் வெல்லமும் வையுங்கள். இல்லை மாமா, எதுவும் அனுப்ப வேண்டாம். நீங்களே வந்து என்னைக் கூட்டிப் போய்விடுங்கள். மணி அடிக்கிறது.

உங்கள் மலர்