பத்தொன்பது பெயர்களுக்கு இரண்டு இடம்

அன்புள்ள மார்லா,

இங்கே நானும் என் வலது முழங்காலும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். அங்கே ஆங்கரேஜில் பனி குறைந்ததா, என் பேத்தி டெஸ்ஸின் இருமல் நின்றதா என்று எழுது. போனில் பேசினால் பத்து நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் தாளை எடுத்தேன். உன் ரோஸலி அத்தை வால்நட் ரொட்டி சுட்டு யார் கையிலோ கொடுத்தனுப்பினாள். நேரில் வந்தால் எங்கள் அப்பாவின் வீட்டை அவள் விற்ற கதையை நான் எடுப்பேன் என்ற பயம். எடுத்திருப்பேன்தான். பின்பக்க வேலி காற்றில் சாய்ந்துவிட்டது, உன் அறையில் இருந்த என் பெட்டிகளையெல்லாம் கராஜுக்கு மாற்றிவிட்டேன், ஜூனில் நீங்கள் இருவரும் வரும்போது அறை காலியாக இருக்கும்.

நீ சொன்னபடி டெஸ்ஸின் பெயரைக் காட்டன்வுட் மாண்டிசோரியில் கொடுத்துவிட்டேன். நானே நேரில் போய்க் கொடுத்தேன். அந்தப் பள்ளியை நடத்துகிற கோரின் அபெய்ட்டா பதினோரு வருடம் எனக்குப் பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்தவள், ஒரு கோடையில் நம் பள்ளியை விட்டுப் போய் இதைத் தொடங்கினாள், பின்னாலேயே முப்பது குடும்பங்கள் போயின, இரண்டே வருடத்தில் பிள்ளைகள் போதவில்லை என்று எங்கள் கதவைப் பூட்டினார்கள். இதை உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன், நூற்றியோராவது தடவையும் இருக்கட்டும். ஒன்பது வருடமாக அவளோடு நான் பேசவில்லை. அரசாங்கப் பணத்தில் தனியார் பள்ளி நடத்துகிறார்கள், நல்ல பிள்ளைகளாகப் பொறுக்கிக்கொள்கிறார்கள் என்றுதான் ஊர் முழுக்கச் சொல்லி வந்தேன். எனவே எப்படிப் பொறுக்குகிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிடுவது என்று போனேன். விளக்கக் கூட்டத்தில் கையைத் தூக்கி, பிள்ளைக்குத் தேர்வு வைப்பீர்களா, பெற்றோரைக் கேள்வி கேட்பீர்களா என்று கேட்டேன். எதுவும் கிடையாது, பிறந்த தேதியும் முகவரியும் மட்டும்தான், அதற்கு மேல் கேட்டால் அரசாங்கம் பள்ளி நடத்தக் கொடுத்த சார்ட்டர் அனுமதியே போய்விடும் என்றாள் கோரின். இடத்தைவிடப் பெயர்கள் அதிகமானால் குலுக்கல். ஏற்கெனவே படிக்கிற பிள்ளையின் உடன்பிறப்புக்கும் அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைக்கும் முன்னுரிமை, மற்றவர்கள் எல்லாரும் ஒன்று. பணம் தலைக்கு இவ்வளவு என்று மாநிலத்திலிருந்து வருகிறது, அக்டோபர் முதல் தேதி தலை எண்ணுகிறார்கள், அன்று இல்லாத பிள்ளைக்குப் பணம் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நான் தெரிந்துவைத்திருந்தது பாதிதான் என்று தெரிந்தது. பேருந்து கிடையாது, சமையலறை கிடையாது. அப்படியென்றால் கார் இருக்கிறவன் பிள்ளைதானே வர முடியும், இதுவும் ஒரு பொறுக்கல்தானே என்றேன். அது உண்மை, இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டது எனக்கு எரிச்சலாக இருந்தது.

பெயர் கொடுக்கிறவர்கள் அரை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம், பேசக் கூடாது. எனக்கு முழங்கால் தாடையைத் தொடுகிற ஒரு சின்ன நாற்காலி கொடுத்தார்கள். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை எல்லாரும் ஒரே அறையில். ஆசிரியை எங்கே என்று தேடினேன், தரையில் பாயில் ஒரு குழந்தையோடு இருந்தாள். ஒரு பெண் குழந்தை மேசையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தது, பிறகு துளி அழுக்கில்லாத அதே மேசையை மறுபடி முதலிலிருந்து கழுவியது. யாரும் போதும் என்று சொல்லவில்லை. இன்னொன்று கண்ணாடிக் குவளையைப் போட்டு உடைத்தது. நான் எழுந்துவிட்டேன். பெரிய பிள்ளை ஒன்று விளக்குமாற்றோடு வந்து, "கிட்ட வராத, நில்லு, கால கிழிச்சிடும்" என்று சொல்லிவிட்டு அள்ளியது, அவ்வளவுதான். எந்தப் பொருளும் ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறார்கள், ஒருவர் எடுத்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் ஆசிரியராக இருந்த எனக்கு, ஏன் பிடுங்கிக்கொள்ளவில்லை என்பது இன்றுவரை புரியவில்லை. மறுபடி ஒருநாள் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறேன். கோரினிடம் இல்லை, அலுவலகத்துப் பெண்ணிடம்.

குலுக்கல் போன வியாழக்கிழமை மாலை. தேவாலயக் கூடத்தில் எண் வந்தவர் 'பிங்கோ' என்று கத்திப் பரிசு வாங்குவாரே, அந்தப் பந்துக் கூண்டைக் கொண்டுவந்திருந்தார்கள். பெயர் இல்லை, பந்தில் எண் மட்டும். குலுக்கலில் பிள்ளை இல்லாத ஒருவர்தான் சுற்ற வேண்டுமாம், தீயணைப்பு நிலையத்து ஆள் சீருடையோடு வந்து சுற்றினார். என் பக்கத்தில் இருந்த சிமென்ட் ஆலைத் தொழிலாளி, "பிங்கோன்னு கத்தினா டோஸ்டர் ஏதாச்சும் குடுப்பாங்களா சார்?" என்றார். சிரித்துவிட்டேன். டெஸ் செப்டம்பரில் ஐந்து முடிக்கிறாள், எனவே கிண்டர்கார்ட்டன் என்று எழுதியிருந்தேன். எல்லாப் பள்ளியிலும் அதுதானே முதல் வருடம். இங்கே அது மூன்றாவது வருடம். மூன்று வயதில் வந்த பிள்ளைகள் அதே அறையில் அதே இடத்தில் இருக்கிறார்கள், யாராவது ஊரை விட்டுப் போனால்தான் ஐந்து வயதுக்கு இடம். இந்த முறை பத்தொன்பது பெயர்களுக்கு இரண்டு இடம். டெஸ்ஸின் எண் பதினான்கு. ஐந்தாவதாக வந்தது. காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவது என்று அர்த்தம். சிமென்ட்காரரின் மகனுக்கு இடம் கிடைத்தது. அவர் கத்தவில்லை, தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

வெளியே வரும்போது தாழ்வாரப் பலகையில் ஒவ்வொரு வருடக் குலுக்கல் முடிவும் ஒட்டியிருந்தது, பார்ப்போமே என்று நின்றேன். இரண்டு வருடம் முன்பு மூன்று வயதுக்கு எட்டு இடம், பன்னிரண்டு பெயர்கள், மீதி நான்கு பேருக்கும் ஆகஸ்டுக்குள் இடம் கிடைத்திருக்கிறது. அந்த வருடம் பெயர் கொடுத்த ஒரு பிள்ளைகூட வெளியே நிற்கவில்லை. மார்லா, அந்த வருடம்தான் நீ ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லி, டெஸ்ஸுக்குப் படிவம் அனுப்பிக் கொடுக்கச் சொன்னாய். குலுக்கலில் வரவில்லை என்று உனக்கு எழுதினேன். நான் கொடுக்கவே இல்லை. கோரினின் வாசலை மிதிக்க மனம் வராமல் மேசை இழுப்பறையில் போட்டேன். நீ அங்கேயே இன்னும் இரண்டு வருட வேலை ஒப்பந்தம் போட்டுக்கொண்டாய். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் இதற்கு வந்து சேரும் வழி.

நான் பலகை முன்னால் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்துக் கோரின் வந்தாள். "இன்னும் எம்மேல கோவம்தானா லென்?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி, இருந்துட்டுப் போ. படிவத்துல தேதி போடாம விட்டிருக்க, அதைப் போட்டுட்டுப் போ" என்றாள். படிவத்தை வாங்கினேன். இடம் காலியானால் பள்ளியிலிருந்து ஒரே ஒரு அழைப்புதான், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அழைக்க வேண்டிய எண் என்ற இடத்தில் என் எண்ணை எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு உன் எண்ணை எழுதினேன். என்னிடம் அந்த அழைப்பு வரக் கூடாது. கோரின் பார்த்தாள், படிவத்தை வாங்கிக் கோப்பில் வைத்தாள்.

என்மேல் கோபப்படு, அது நியாயம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் படு, ஆனால் ஜூன் பயணத்தை மட்டும் மாற்றிவிடாதே. இடம் வந்தாலும் வராவிட்டாலும் உன் அறை இருக்கிறது. டெஸ்ஸுக்கு என் முத்தங்கள், அவள் தலைமுடியை ஈரத்தோடு விடாதே. நீங்கள் இருவரும் நீண்ட காலம் குறையில்லாமல் வாழ வேண்டும். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை நீ எடுக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். இந்தக் கோடை முழுக்க எடு.

உன் அப்பா,
லெனார்ட் பெர்கோ