வைத்தியன் இல்லாத ஏழாம் பாகம்

தம்பிக்கு,

வீட்டை விற்பது பற்றியோ, அன்று நீ கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனது பற்றியோ எழுதப்போவதில்லை. நாம் சேர்ந்து ஆடிய வீடியோ கேமின் ஏழாம் பாகம் வந்திருக்கிறது. பழையதுக்கு ஈடாகுமா என்று கேட்பாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஆகாது.

திரையில் காட்சி கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அடிபட்டால் சற்று நேரத்தில் காயம் தானாக ஆறிவிடுகிறது. வைத்தியனே கிடையாது. பழைய பாகங்களில் நான் வாளோடு முன்னால் பாய்ந்து விழுவேன். "அக்கா, அசையாதே, இதோ வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டு வைத்தியனான நீ பாதிக் காட்டைக் கடந்து ஓடி வருவாய். நீ தொட்டால்தான் எழ முடியும்.

நேற்றும் பழக்கதோஷத்தில் விழுந்த இடத்திலேயே அசையாமல் கிடந்தேன். யாரும் வராமலே எழுந்து நின்றது திரையில் என் உருவம்.

நான் இன்னும் அசையவில்லை.

அக்கா