பாய் வேஷம்

அன்று நான் சொல்லாதது இதுதான்: "டீச்சர், மருமகள் வேஷம் அவளுக்குத்தான் பொருந்தும். எனக்கு வேண்டாம்."

நேற்று டி.வி.யில் அந்தப் படத்தைப் போட்டார்கள். அதே கூட்டுக்குடும்பம், அதே சண்டை, நடுவில் பிரியாணிச் சட்டியோடு நுழையும் அதே பாய். அவர் வாயைத் திறந்ததும் வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நீ மஞ்சள்காமாலையில் போய் மூன்று வருஷமாகிறது. கோபத்தைச் சொல்ல எனக்கு வேறு ஆளில்லை.

ஒன்பதாம் வகுப்பில் நாம் அந்தப் படத்தைத்தான் நாடகமாகப் போட்டோம். மூத்த மருமகளின் வசனம் முழுவதும் உனக்கு மனப்பாடம். "எங்க அத்தாகிட்ட நடிச்சுக் காட்டுனேன்ட்டி. அவிய அழுதுட்டாக" என்றாய். டீச்சரோ அதை எனக்குக் கொடுத்துவிட்டு, உனக்குப் பாய் வேஷம் கொடுத்தார். "ஒனக்கு அது தானா வரும்ட்டி."

வரவில்லை. "பிரியாணி கொண்டாந்திருக்கேன், ஆறுறதுக்குள்ள எல்லாரும் வாங்க" என்று இயல்பாகச் சொன்னாய்.

"என்னட்டி, எங்க வீட்டுல பேசுத மாதிரியே பேசுத! சினிமால பாய் எப்படிப் பேசுதாரு? அப்படிப் பேசு."

"எங்க வீட்டுல யாரும் அப்படிப் பேச மாட்டாக, டீச்சர்."

அதற்கும் வகுப்பு சிரித்தது.

ஒரு வாரம், சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து, உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நான். முஸ்லிம் எப்படிப் பேசுவார் என்று உனக்கு நான் பாடம் எடுத்தேன்! "நாக்கை உருட்டுட்டி. நம்பள்கி, நிம்பள்கி." "எங்க மாமு கேட்டா ஒரு மாசம் ஓட்டுவாக" என்று முதல் நாள் சிரித்தாய். பிறகு சிரிக்கவில்லை.

நம் ராஜபாளையத்தில் எந்தக் கடையிலும், எந்தத் தெருவிலும் அந்தப் பேச்சை நான் கேட்டதில்லை. வசனம் எழுதியவரும் கேட்டிருக்க மாட்டார். கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. உங்கள் வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ஆனால் தமிழ்க் குடும்பத்து மருமகள் நான். தமிழ் வராமல் உளறும் ஆள் நீ. இந்த அக்கிரமம் அப்போதே எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தால் வேஷம் போய்விடும் என்று பேசாமல் இருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாடகப் போட்டி. உன் அத்தா பாத்திரக்கடையை அடைத்துவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீ மருமகளாக வரப்போகிறாய் என்றே நினைத்திருந்தார். ஒட்டுத்தாடியும் கைலியுமாக நீ வந்து "நம்பள்கி" என்றதும் மண்டபமே அதிர்ந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டார்: "நாம அப்படியாம்மா பேசுதோம்?"

"சினிமால அப்படித்தான், அத்தா."

"இத யாரு ஒனக்குச் சொல்லிக்குடுத்தா?"

நான் ஒரு எட்டுத் தள்ளி நின்றிருந்தேன். நீ தாடியைப் பிய்த்துக்கொண்டே, "நானாத்தான் படிச்சேன்" என்றாய். மருமகளின் பட்டுச்சேலை என் உடம்பில் இருந்தது.

முதல் பரிசு நமக்குக் கிடைத்தது. அடுத்த வருஷம் நாடகத்துக்குப் பெயர் கேட்டபோது நீ கொடுக்கவில்லை. அந்த வருஷமும் கதாநாயகி வேஷம் எனக்குத்தான்.