கோதையின் கலமும் கடைசி நேரக் கேள்வியும்

அலை ஓயாத் துறைகளும் அறம் ஓயா அவையும் உடைய வெண்கழி நாட்டை ஆளும் மன்னர் வேட்டங்கோவின் திருவாய்மொழிப்படி, அமைச்சன் சேந்தன் பரிதி எழுதும் ஓலை. சங்குத்துறைத் தலைவர் தாழிமாறனார் கண்டருள்க. தங்கள் துறையில் காற்று இசைந்து வீசுக. சென்ற கலங்கள் குறைவின்றித் திரும்புக. இங்கு அரசரும் குடிகளும் நலம்.

தங்கள் துறையின் கடல்வணிகர் கோதையார் நேற்று அவைக்கு வந்தார். பெரிய கலம் ஒன்று வாங்கித் தம் மாலுமிகள் பன்னிருவரையும் தம்மோடு வைத்துக்கொள்ள விரும்பி, பழைய கலத்தை அவர் மூன்று நாள் ஏலத்தில் விட்டதைத் தாங்கள் அறிவீர். மூன்றாம் நாள் நண்பகலில், அடியில் துளையிட்ட நாழிகை வட்டில் நிரம்பி நீரில் மூழ்கும்வரை விலை கேட்கலாம் என்பது துறையின் விதி.

கூட்டத்துக்குக் குறைவில்லை. வந்தவர்கள் பலகையைத் தட்டிப் பார்த்தார்கள், பாய்மரத்தைத் தடவிப் பார்த்தார்கள், கோதையார் கொடுத்த மோரையும் குடித்தார்கள்; விலைதான் கேட்கவில்லை. ஒருவர் தொடங்கிவைத்த நூறு பொன் நூற்றிலேயே நின்றது. கோதையாருக்குச் சோறு இறங்கவில்லை. கலத்தை ஏலத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று சுக்கான் பிடிக்கும் நக்கன் சொல்லிப் பார்த்தானாம். ஊரறியச் சொன்னதை மாற்றமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டாராம்.

வட்டிலின் விளிம்பை நீர் எட்டியபோதுதான் வாய்கள் திறந்தன. உப்பு வணிகர் நூற்றைம்பது என்றார். மிளகு வணிகர் இருநூறு என்றார். அதுவரை ஓரமாக நின்று பல் குத்திக்கொண்டிருந்த கலத்தச்சர் வேளாதனார் முந்நூறு என்றார். உப்பு வணிகர் மறுபடி வாயெடுக்குமுன் வட்டில் மூழ்கிவிட்டது. நானூறு வரை கேட்க வந்தேனே என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். கோதையாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முந்நூறு கிடைத்ததில் நெஞ்சு குளிர்ந்தது. கைநழுவிய நூற்றை நினைத்தால் வயிறு எரிந்தது.

ஆயினும் விற்றதைத் திரும்பக் கேட்டு அவர் வரவில்லை. இனி விற்போருக்காகவே வந்தார். உடன்வந்த வேளாதனாரிடம், ஏன் அவ்வளவு நேரம் பேசாதிருந்தீர் என்று அரசர் வினவினார். கலத்தின் தரம் அறிந்தவன் என்று ஊர் தம்மைச் சொல்வதால், முதல் நாளே தாம் விலை கேட்டால் அது நல்ல தேக்கு என்று எல்லாரும் அறிந்துவிடுவர் என அவர் ஒளிக்காமல் விடையளித்தார். எப்போது வாய் திறப்பது என்பது அவர் விருப்பம், அவருக்கு மறுமொழி சொல்ல மற்றவர்களுக்கும் நேரம் வேண்டாமா என்று கோதையார் பணிவுடன் கேட்டார். அவை சிரித்தது, வேளாதனாரும் சேர்ந்து சிரித்தார்.

ஆகவே அரசர் ஆணை இது: வட்டில் மூழ்கும் தறுவாயில் விலை ஏறினால், உடனே மற்றொரு வட்டிலை மிதக்கவிடுக. யாரும் விலை ஏற்றாமல் ஒரு வட்டில் மூழ்கினாலன்றி ஏலம் முடிந்ததாகக் கொள்ளற்க.

வரும் முழுநிலா நாளில் அரசரின் பெருங்கலம் ஒன்று தங்கள் துறையில் ஏலத்துக்கு வருகிறது. அதை வாங்கக் கோதையாரே வருவார். எப்போது விலை கேட்பீர் என்று அரசர் வினவியதற்கு, வட்டில் மூழ்கும்போது என்று வணங்கிச் சொல்லி விடைபெற்றார்.

அன்று வட்டில்கள் நிறைய வைத்திருக்கவும். நண்டு முத்திரை இட்டோம்.