அப்பாவின் கை ஏறும் உயரம்

பேசாலை,
12.06.2017.

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள மகன் வலன்ரைனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூச்சோடும் முக்கால் சுகத்தோடும் இருக்கிறோம். உன் சுகத்துக்காக வெற்றிமாதாவிடம் தினமும் செபமாலை சொல்கிறேன், பாதியில் நித்திரையாகிப் போனாலும் மிச்சத்தை அவ சேர்த்துக்கொள்வா. போனில் பேசினால் அப்பா பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அதனால்தான் இதை எழுதி நோர்வேக்கு வரும் வின்சன்ட்டிடம் கொடுத்துவிடுகிறேன்.

அப்பாவுக்கு வலது தோள்மூட்டு மாற்றி நாலு மாதமாகிறது. எனக்குக் களைத்துப்போய்விட்டது மகன். முதுகு தேய்ப்பது, சேட்டு மாட்டிவிடுவது, கிழமைக்கு ஒருதரம் பஸ்ஸில் மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் நான்தான். அப்பா இனி வலை வீசுவாரா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாய், அவரும் "பாப்பம்" என்கிறார். வீச மாட்டார். அதை அவர் வாயால் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன்.

கொழும்பில் டொக்டர் இரண்டு விதமான மூட்டை மேசையில் வைத்துக் காட்டினார். ஒன்று நம் உடம்பில் உள்ளதுபோல, கை எலும்பில் உருண்டை, தோளில் கிண்ணம். மற்றது தலைகீழ், உருண்டை தோளில், கிண்ணம் கையில். அதற்குப் பெயர் றிவேர்ஸ். அப்பா உடனே "எஞ்சினை றிவேர்ஸிலை போட்ட மாதிரி என்ரை கையும் பின்னுக்குப் போகுமோ டொக்டர்?" என்று கேட்க, அந்த மனிதர் சிரித்துவிட்டார். உள்ளபடி பின்னுக்குத்தான் அது சரியாகப் போகாதாம். அப்பாவின் தோளுக்குள் இருக்கும் நார்கள் பழைய வலைக்கயிறுபோல இழை பிரிந்து கிடக்கின்றன. வழக்கமான மூட்டை வைத்தால் கை திருப்பி வலை வீச ஓரளவு வாய்ப்புண்டு, ஆனால் அந்த நாரை நம்பிக் கை மேலே ஏறுமென்று சொல்ல முடியாது. தலைகீழ் மூட்டுக்கு அந்த நார் தேவையில்லை, வெளியே இருக்கும் பெரிய தசையே கையைத் தூக்கிவிடும். முறுக்கித் திருப்புவது மட்டும் குறையும், வலையை மறக்க வேண்டியதுதான். யோசித்து நாளைக்குச் சொல்லுங்கள் என்றார். நான் தேத்தண்ணி வாங்கிவரப் போய்த் திரும்புவதற்குள் உன் அப்பா றிவேர்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. நாற்பது வருஷம் வலை வீசின மனிசன் சும்மா குந்தியிருந்தால் யாருடைய தலையைத் தின்பார்?

பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிள்ளை றோஸ்மேரி, சுவரில் விரலால் மெல்ல மெல்ல ஏறச் சொல்லி, எட்டின இடத்தில் கிழமைக்கு ஒரு கோடு போடச் சொன்னாள். இவர் முதல் நாளே நோவில்லாத நொட்டாங்கையால் உச்சியில் ஒரு கரிக்கோடு இழுத்துவிட்டார். வெள்ளையடித்த சுவரை நாசமாக்கிப்போட்டார் என்று நான் ஏசினேன். போன வெள்ளிக்கிழமை விரல் அந்தக் கோட்டைத் தொட்டது. தொட்டுவிட்டுக் கதிரையில் குந்திக் குழந்தைபோல அழுதார். நோகுதோ என்று கேட்டேன். "அவன் நோர்வேக்கு வெளிக்கிட்ட அண்டைக்கு இந்தக் கை ஏறேல்லை. நொட்டாங்கையாலைதான் நெத்தியிலை சிலுவை போட்டு அனுப்பினனான். அதுதான் அங்கை அவனுக்கு ஒண்டும் சரிவரேல்லை" என்றார். அந்தக் கோடு உன் நெற்றியின் உயரமாம் மகன். நீ வழக்கமாக இடித்துக்கொள்ளும் குசினிக் கதவு நிலையை வைத்து அளந்தாராம். றிவேர்ஸுக்கு ஏன் கையெழுத்துப் போட்டார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

உன் விசா இழுபட்டதும் கலியாணப் பேச்சுக் குழம்பியதும் இவருடைய இடக்கையாலா? மாதா என்ன இடம் வலம் பார்க்கிறவவா? அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நானும் அழுதேன். நேற்று வலையை வேலியிலிருந்து தானே அவிழ்த்து யோசேப் மாமாவிடம் கொடுத்துவிட்டார். வீட்டின் பின்பக்கம் வெறிச்சென்று கிடக்கிறது.

விசாதான் இப்போது கையில் இருக்கிறதே, மடுமாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு வந்து போ. சாட்டுச் சொல்லாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. குசினிக் கதவடியில் குனிந்து வா. அப்பா கையைத் தூக்கும்போது மட்டும் குனிந்து கொடுக்காதே, நிமிர்ந்து நில். எட்டும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
சி. மதலேனா