உம்மா தந்த பாட்டில்

பிரிக்ஃபீல்ட்ஸ்

அன்பு ரம்லத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மகளும் சுகம்தானே? உம்மாவின் முட்டுவலி தேவலையா?

போனில் பேசினால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் ஊருக்கு வரும் ஹைதரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். டீ ஆற்றும்போது மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதென்று, அதைக் கழற்றிவிடக் கண்ணுக்கு லேசர் செய்துகொண்டேன் அல்லவா? இடது கண் நன்றாக இருக்கிறது. வலது கருவிழியில் கிருமி தொற்றிப் புண்ணாகி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது வலி இல்லை, பயப்படாதே.

"சொட்டு மருந்தத் தவிர வேற ஏதாச்சும் விட்டீங்களா அண்ணே?" என்று டாக்டரம்மா கேட்டார். உம்ரா பயணத்திலிருந்து உம்மா கொண்டுவந்த புனித ஜம்ஜம் தண்ணீர், ஒரு வருஷமாக நான் திறந்து திறந்து மூடிய பாட்டில். லேசருக்குப் பிறகு வலது கண் உறுத்தியபோது பிஸ்மி சொல்லி இரண்டு சொட்டு விட்டிருந்தேன்.

"புண்ணு ஆறிடும், தழும்பு போகாது லா" என்றார். அந்தக் கண்ணில் இப்போது எப்போதும் ஆவிதான். கழற்றித் துடைக்க வழியில்லை.

நேற்று டீ ஆற்றிப் பார்த்தேன். பாதி தரையில் விழுந்தது. "பரவால்ல அண்ணே, நீங்க மேசை துடைக்கிறதப் பாருங்க" என்றார் முதலாளி.

மகளின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஹைதர் இங்கே திரும்பும்போது அவனிடம் கொடு. நீயும் பெரிய எழுத்தில் நாலு வரி எழுது. உம்மாவிடம் கண்ணில் தூசி விழுந்தது என்று மட்டும் சொல். கண்ணில் விடச் சொல்லி இன்னொரு பாட்டில் தந்தால், மறுக்காமல் வாங்கி அனுப்பு. வேண்டாமென்றால் உம்மாவுக்குப் புரிந்துவிடும்.

ஹைதர் பையை மூடுகிறான்.

உன் நைனா முகம்மது