தாரணியை எங்கே விட்டிருக்கிறோம் என்றால்

என் செல்லத் தம்பி சேகருக்கு,

நீ போய் ஏழு வருடம் ஆகிறது. உன்னிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் தாரணியை ஒரு மனநல சிகிச்சை மையத்தில் சேர்த்திருக்கிறோம். படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். உனக்கும் நான்தான் போட்டேன்.

நீ தோளில் தூக்கிக்கொண்டு மண்ணூர் முழுக்கச் சுற்றிய குழந்தைக்கு இப்போது பதினாறு வயது. போன ஆடியிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. சாப்பாடு குறைந்தது, பேச்சு நின்றது. பிறகு சொல்லாமல் வெளியே போக ஆரம்பித்தாள். இரண்டு முறையும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில்தான் கண்டுபிடித்தோம். இரண்டாவது முறை, மாடு மேய்க்கும் பெண் ஒருத்தி அவள் கையைக் கெட்டியாகப் பிடித்து உட்காரவைத்திருந்தாள். "பொண்ண தனியா வுடாதம்மா," என்றாள். தாரணியை இறுகப் பிடித்தபடியே வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

வல்லக்கோட்டை தாண்டி இருக்கிறது அந்த மையம். இரண்டு மாதம் அங்கேயே தங்க வேண்டும், முதல் வாரம் அவளோடு பேச முடியாது என்றார் டாக்டரம்மா. கேட்டதும் தாரணி அப்பா, உன் மாமா, எழுந்துவிட்டார். "சேகருக்கும் இதத்தான் சொன்னானுங்க. வா, வூட்டுக்குப் போலாம்."

குடியை நிறுத்தத்தானே உன்னை அப்போது வேறொரு மையத்தில் விட்டோம். தினமும் போன் செய்தேன். "நல்லா கீறாரு, தூங்குறாரு," என்பார்கள். பன்னிரண்டாம் நாள் காலையிலும் அதையே சொன்னார்கள். மத்தியானம் உன் உடம்பை வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டார்கள். இரண்டு மணிக்கட்டிலும் கயிற்றுத் தடம். நீ ராத்திரியெல்லாம் கத்தியும் யாரும் வரவில்லை என்று பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பிறகு வந்து சொன்னார். ஒரு நாளாவது உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்று ஏன் நான் அடம்பிடிக்கவில்லை?

இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. "பேசத்தான் முடியாது. தினமும் வந்து கண்ணாடி வழியா பாருங்க. சொல்லாமகூட வாங்க," என்றார். மாமா ஷிப்ட் முடிந்து வரும் வழியில் மூன்று முறை திடீரென்று போய் நின்றார். "சாப்டுகினு இருந்தா," என்பார். அவ்வளவுதான். அவர் முகம் மட்டும் தெளியவே இல்லை.

மூன்றாவது வாரம், நான் கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. டாக்டரம்மாதான்.

"உக்காந்துக்குங்க. காலைல தாரணி ஜன்னல் கண்ணாடிய ஒடச்சுட்டா. கையில நாலு தையல் போட்டிருக்கோம், பயமில்ல. கூட இருக்க வேண்டிய சிஸ்டர் அஞ்சு நிமிஷம் இல்ல. அது எங்க தப்பு. வந்து பாருங்க."

ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாமா வண்டியை ஓட்டிய வேகத்தில் நாங்கள் இரண்டு பேருமே உன்னிடம் வந்து சேர்ந்திருப்போம். அவளைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் ஒன்று மனதை அரித்தது. தாங்கள் செய்த தப்பை அவர்களே கூப்பிட்டுச் சொல்கிறார்களே, உன்னை வைத்திருந்த இடத்தில் யார் அப்படிச் சொன்னார்கள்?

கையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள் தாரணி. "கெளம்பு பாப்பா, வூட்டுக்குப் போலாம்," என்றார் மாமா.

அவள் என்னைத்தான் பார்த்தாள். "அம்மா, சேகர் மாமா கத்தினப்போ யாருனா வந்தாங்களா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"இங்க வராங்கம்மா. நான் கத்தினா ஓடி வராங்க. நான் இங்கயே இருக்கேன்."

ஒரு வருடத்தில் அவள் பேசிய அதிகப் பேச்சு அதுதான். மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

பயம் போய்விட்டதா என்று கேட்காதே. இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டது, ஏரி ஏறிக்கொண்டே வருகிறது. போன் அடித்தால் எடுப்பதற்குள் உயிர் போய் வருகிறது. இருந்தும் எடுக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் வீடு திரும்பும்வரை தினமும் போவேன், என் கண்ணால் பார்ப்பேன். அவளாக வரட்டும் என்று காத்திருப்பேன், பயத்தில் இழுத்துவர மாட்டேன்.

உன்னை இப்படிப் பார்க்காமல் விட்ட,
உன் அக்கா செல்வி